பின் சீட்டின் பச்சைக் கட்டம்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறது. 1999 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3:40 என்று அதில் போட்டிருக்கிறது. பிற்பகல். வெயில் நூற்று நான்கு டிகிரி. பேய் வர ராத்திரி வேண்டும், மழை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் டெக்சஸில் ஆகஸ்ட் மாதம் கார் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

இன்று 27. நாளை காலை 6:15க்கு எனக்கு விமானம். பையில் இரண்டு செட் துணி, ஒரு இரும்புத் தடி. தடி எதற்கு என்பது இதற்குள் இருக்கிறது. நான் எதையும் கூட்டவில்லை.

என் பெயர் நாகமணி. பெருந்துறைப் பக்கம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா விசைத்தறி ஓட்டினார். லுங்கிக்குக் கட்டம் போட்ட துணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறுந்த இழையை முடிவதும், நெய்த துணியில் பிசகு பார்ப்பதும் என் வேலை. ஒரு இழை கோணினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பினால் எனக்கு முதுகில் விழும். அம்மாவுக்கு நாடாவால் விழும். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற அந்த மரக்கட்டையின் இரண்டு முனையிலும் இரும்பு இருக்கும். அம்மாவின் புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. கட்டம் போட்ட துணியைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அது சரியாக இருக்கும். அதற்காகச் சொல்கிறேன்.

இர்விங்கில் நான் இருக்கும் அபார்ட்மெண்டில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். அங்கே ஒரு பழைய கார் கைமாறிக்கொண்டே இருந்தது. எழுபத்தாறாம் வருஷத்து அமெரிக்க கார். இரண்டே கதவு, படகு நீளம். புதிதாக வந்தவர் ஓட்டிப் பழகுவார். நல்ல கார் வாங்கியதும் அடுத்து வந்தவர் தலையில் கட்டுவார். பிரஷர் குக்கர், மெத்தை, கார் எல்லாம் ஒரே வரிசையில் வரும். எனக்குக் கொடுத்தவர் செல்வராஜ், என் ஆபீஸ்காரர்.

"பிரேக்க ரெண்டு தடவ மிதிங்க. ஏசி வராது. பின் சீட்டு பெட்ஷீட்ட மட்டும் எடுத்துறாதீங்க."

"ஏன்?"

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"சீட் அழுக்காகாம இருக்கும்ல. விடுங்க நாகமணி. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

வெள்ளைப் பெட்ஷீட். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீலக் கோடு. வேறு பூ கிடையாது, கட்டம் கிடையாது. பின் சீட்டு முழுவதையும் மூடி, ஓரமெல்லாம் ஊக்கு குத்தியிருந்தது. நம் ஆட்கள் டிவி ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போடுகிறவர்கள். நானும் சந்தேகப்படவில்லை. நான்கு மாதம் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் வீட்டுக்கு மேல் வீட்டில் ஷ்யாமளா. சென்னைப் பெண், இருபத்து நான்கு வயது. புருஷன் ரஞ்சித்குமார். லாஸ் கொலினாஸில் பெரிய ஆபீஸ், பொங்கல் விழாவில் மைக் பிடிக்கிற ஆள். வாரத்தில் இரண்டு நாள் என் சீலிங்கில் கேட்கும். முதலில் நாற்காலி நகரும். பிறகு அவன் குரல். பிறகு சுவரில் ஒரு சத்தம். அப்புறம் அவள் குரல். "சாரி... சாரிங்க... சாரி." அடித்தவன் சொல்ல மாட்டான். அடி வாங்கியவள் சொல்வாள்.

எதிர்வீட்டு விசாலாக்ஷி ஆன்ட்டியிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கேக்குதா இல்லையா?"

"குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நாம எப்படிம்மா போய் கேக்கறது. நாலு பேர் என்ன நினைப்பா."

கேட்கிறது என்று அர்த்தம்.

புதன்கிழமை லாண்டரி ரூமில் ஷ்யாமளாவின் உதடு கிழிந்திருந்தது. அவளே சொன்னாள்.

"அடுத்த தடவ செத்துருவேன்னு நினைக்கறேன்க்கா."

அழாமல் சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். வெள்ளி மாலை 5:10, நியூவர்க். அங்கிருந்து பார்சிப்பனி. அவள் பெரியம்மா பெண் ஸ்வர்ணா அங்கே இருக்கிறாள். பாஸ்போர்ட்டை ரஞ்சித்குமார் ஆபீஸ் பையிலேயே வைத்திருந்தான். ஆனால் அவளுக்கு டெக்சஸ் ஐடி கார்டு இருந்தது. அது போதும். அவன் வீடு திரும்புவது ஆறு மணிக்கு. அதற்குள் அவள் ஆகாயத்தில் இருக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

வெள்ளி 2:50. மேலே போனேன். பெட்டி இரண்டுக்கும் அவன் நம்பர் பூட்டுப் போட்டு வைத்திருந்தான். கத்தியால் நெம்பினேன், திறக்கவில்லை. குப்பைப் பையில் துணியைப் போட்டோம், கிழிந்தது.

"கட்டில்ல இருக்கற பெட்ஷீட்ட எடு. மூட்டை கட்டிக்கலாம்."

"வேண்டாம்க்கா. அவரோடது எதுவும் வேண்டாம்."

கீழே என் கார் நின்றது. பின் சீட்டில் சலவை மாறாத வெள்ளைப் பெட்ஷீட். எடுக்காதே என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை. ஊக்குகளைப் பிடுங்கி உருவினேன்.

அடியில் துணி. பச்சையும் சந்தன நிறமும் கலந்த கட்டம், நடுவில் மெல்லிய பழுப்புக் கோடு. ஓரத்தில் ரெக்சின் மாதிரி பச்சை வினைல் பட்டி. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. இருபத்து மூன்று வருஷத்துப் பழைய துணி, துளி வெளுக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். அச்சுப் போட்டதல்ல, நெய்தது. பதினாறு பச்சை இழை, எட்டு சந்தன இழை. கோடுகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன.

நேராக இருந்தன. பார்த்தேன்.

பெட்ஷீட்டில் மூன்று புடவை, நான்கு சுடிதார், டிகிரி சர்ட்டிபிகேட் வைத்து மூட்டையாக முடிந்தோம். ஒரு கையால் தூக்கி ஷ்யாமளாவின் மடியில் வைத்தேன். பின்னால் போடலாமே என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

3:14. கிளம்பினோம்.

அபார்ட்மெண்ட் வாசல் திருப்பத்தில் காரின் பின்பக்கம் அமுங்கியது. கிறீச்... என்று ஸ்பிரிங் முனகியது. குண்டான ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்கும், அப்படி. பழைய வண்டி. விட்டுவிட்டேன்.

3:19. ஹைவே 183. ஜன்னல் நான்கு விரல் திறந்திருந்தது. அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி காற்று. என் பிடரியில் மட்டும் சில்லென்று இருந்தது.

3:22. பின்னால் ஒரு சத்தம்.

க்ளிக்.

சீட் பெல்ட் மாட்டுகிற சத்தம். பின் சீட்டில்.

கண்ணாடியில் பார்த்தேன். சீட்டு. பச்சைக் கட்டம். வேறு யாரும் இல்லை.

"சாரி," என்றாள் ஷ்யாமளா.

"எதுக்கு?"

"நீங்க... சீட்ட உதைச்சீங்களே."

"நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன். உன் சீட்ட எங்கிருந்து உதைப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அடிபட்ட பெண்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

தொப்.

இந்த முறை நானும் பார்த்தேன். அவள் சீட்டின் முதுகு முன்னால் துள்ளியது. அவள் தலையும் துள்ளியது.

"சாரி," என்றாள். என்னிடம் இல்லை.

3:26. மறுபடியும் கண்ணாடி. இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

கட்டம் நேராக ஓட வேண்டும். இடது ஜன்னலிலிருந்து வலது ஜன்னல் வரை, தட்டையான சீட்டில், ஒரே நேர்கோடாக. ஓரத்தில் நேராகத்தான் இருந்தது.

நடுவில் வளைந்திருந்தது.

பச்சைக் கோடு மேலே ஏறி இறங்கியது. இரண்டு பக்கமும் கீழே சரிந்தது. தோளில் போட்ட துணி அப்படித்தான் சரியும். மார்பில் போட்ட துணி அப்படித்தான் புடைக்கும்.

அது சீட்டு இல்லை. சட்டை.

அதே துணியில் சட்டை போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதே பச்சை, அதே சந்தனம், இழைக்கு இழை பொருந்தி. அதனால்தான் அதுவரை கண்ணுக்குப் படவில்லை.

கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அங்கேயும் கட்டம்தான்.

சட்டை ஏறியது... இறங்கியது... ஏறியது.

மூச்சு விட்டது.

"ஷ்யாமளா," என்றேன். "பெல்ட்ட கழட்டு. நான் நிறுத்தினதும் குதி."

"அவர் வந்துட்டாரா?"

யார் என்று நான் கேட்கவில்லை. அவள் ஏற்கனவே கூனிக்கொண்டிருந்தாள்.

3:29. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு கை வந்தது.

முழங்கை, மணிக்கட்டு, விரல். எல்லாம் கட்டம் போட்ட துணி. தோலே இல்லை. அது அவள் பின்னலைப் பிடித்தது. சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பழகிய கை.

டம்.

அவள் முகத்தை டேஷ்போர்டில் மோதியது. ரத்தம் முன் கண்ணாடியில் தெறித்தது.

டம்.

இரண்டாவது முறை அவள் சத்தம்கூடப் போடவில்லை. "சாரி... சாரி..." என்றுதான் வந்தது. ரத்தத்தோடு வந்தது. கை பின்னலை விட்டுக் கழுத்துக்குப் போனது. அழுத்தியது. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். சரக்... சரக்... இழை இழையாகத் துணி கிழிகிற சத்தம். அதுதான் அதன் குரல் என்று நினைக்கிறேன்.

நான் ஸ்டீயரிங்கை வெட்டினேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். கார் புல்லில் ஏறி நின்றது.

3:31.

என் காலடியில் ஸ்டீயரிங் லாக் கிடந்தது. இரண்டடி நீள இரும்புத் தடி. எடுத்தேன். சீட்டில் முட்டி போட்டுத் திரும்பினேன்.

அடித்தேன்.

முதல் அடி ஸ்பாஞ்சில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. எலும்பில் விழும் சத்தம் எனக்குத் தெரியும். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள்.

நான்கு. அந்தக் கை அவள் கழுத்தை விட்டது.

ஐந்து. என் மணிக்கட்டைப் பிடித்தது. சொரசொரப்பு. சில்லிப்பு.

ஆறு. உதறினேன்.

ஏழு. கத்தினேன். அப்பாவைச் சொல்லிக் கத்தினேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத முடியாது.

எட்டு. ஒன்பது. பத்து.

ஷ்யாமளா கதவைத் திறந்து மூட்டையோடு புல்லில் விழுந்தாள்.

பதினொன்று.

தடி ஸ்பாஞ்சுக்குள் இறங்கியது. வெறும் ஸ்பாஞ்ச். துணி கிழிந்து தொங்கியது. கட்டம் தட்டையாக இருந்தது. கோடுகள் நேராக இருந்தன.

போய்விட்டது என்று நினைத்தேன். எங்கே போயிருக்கும் என்று நினைக்கவில்லை. தப்பு அங்கேதான்.

இறங்கி ஓடினேன். அவளைத் தூக்கி நிறுத்தினேன். மூட்டையைத் தூக்கினேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

3:40. போலீஸ் கார் வந்தது. லாரிக்காரன் சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தி முகமெல்லாம் ரத்தம். இன்னொருத்தி கையில் இரும்புத் தடி. போலீஸ்காரர் என்னைத் தடியைக் கீழே போடச் சொன்னார். போட்டேன். யார் அடித்தது என்று அவளிடம் கேட்டார்.

"மை ஹஸ்பெண்ட்," என்றாள்.

அவன் எங்கே என்று கேட்டார்.

அவள் காரின் பின் சீட்டைக் காட்டினாள்.

அவர் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து அவள் கழுத்தைப் பார்த்தார். ஐந்து விரல் பதிந்திருந்தது. நானும் பார்த்தேன். ஒவ்வொரு விரல் தடத்துக்குள்ளும் சின்னச் சின்னக் கட்டம். நெசவு அப்படியே தோலில் ஏறியிருந்தது. முழங்கையில் இருந்த பழைய காயங்களையும் பார்த்தார். நோட்டில் எழுதினார். ஆம்புலன்ஸ் வேண்டாம், விமானம்தான் வேண்டும் என்று அவள் அழுதாள். முதல் முறை அப்போதுதான் அழுதாள். முதலுதவிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். என் காரை இழுத்துப் போக வண்டி சொல்லிவிட்டு, எங்களை அவரே ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டார். தடியையும் திருப்பிக் கொடுத்தார்.

அதை வாசலில் ஒரு செடித்தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு உள்ளே போனேன். செக்யூரிட்டியில் எக்ஸ்ரே மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் மூட்டையை நிறுத்தினாள். பின்னால் இழுத்துப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி இழுத்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை ஆட்டிப் போகச் சொன்னாள்.

5:10 விமானம் 5:18க்குக் கிளம்பியது. ஷ்யாமளா போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

செடித்தொட்டிக்குப் பின்னால் கிடந்த தடியை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் வீடு திரும்பினேன். 6:40க்கு ரஞ்சித்குமார் என் கதவை உதைத்தான். தடியோடு திறந்தேன்.

"என் பொண்டாட்டி எங்கடி?"

"உள்ள வா. சொல்றேன்."

அவன் தடியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். பொங்கல் விழா குரல் போய்விட்டது. மேலே ஏறிப் போனான். எதிர்வீட்டில் விசாலாக்ஷி ஆன்ட்டி திரையை மூடினாள். அந்த ரத்தம் யாருடையது என்று அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. ஷ்யாமளாவை நான் அடிக்கவில்லை. பின் சீட்டில் யாரும் இல்லை.

நேற்று, வியாழன், காரைத் திரும்ப எடுக்க, இழுத்துப்போன வண்டிகளை நிறுத்தும் யார்டுக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர். பழைய கார் பைத்தியம். பின் சீட்டை உடைத்துவிட்டேன், அந்தக் கட்டம் போட்ட துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எந்தக் கட்டம் என்றார்.

கூட்டிப் போய்க் காட்டினேன்.

பின் சீட்டு பச்சை வினைலில் இருந்தது. கட்டம் இல்லை. துணியே இல்லை. கிழிசல் இல்லை. பதினொரு அடி அடித்தேன். ஒரு கீறல் இல்லை.

கிழவர் பானெட்டைத் திறந்து ஒரு சின்னத் தகரத் தட்டைத் துடைத்தார். கார் தொழிற்சாலையை விட்டுப் போகும்போது என்ன பெயிண்ட், என்ன சீட் என்று அதில் எண் அடித்திருப்பார்களாம். ஒரு கந்தல் புத்தகத்தில் எண்ணைத் தேடினார். அந்த வருஷம் இந்த மாடலுக்குப் பச்சைக் கட்டம் போட்ட துணி இருந்தது, கூடக் காசு கொடுத்தால் போட்டுக் கொடுப்பார்கள் என்றார். ஆனால் இந்த வண்டிக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே வெறும் வினைல்தான்.

வீட்டுக்கு வந்து செல்வராஜுக்குப் போன் போட்டேன். அவருக்குக் கொடுத்தவர், அவருக்கு முன்னால் கொடுத்தவர் என்று நான்கு போன். கடைசியில் கலிபோர்னியாவில் டப்ளின். சிவராமகிருஷ்ணன் அங்கிள். நம் ஆட்களில் அந்தக் காரை முதலில் வாங்கியவர் அவர்.

"அந்த பெட்ஷீட் போட்டது நீங்களா அங்கிள்?"

அவர் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்காத்துக்காரி ருக்மிணி கார்ல ஏறினாலே சாரி சாரினு சொல்லுவாம்மா. கழுத்தெல்லாம் வீங்கிப் போயிடும். ஒரு நாள் கண்ணாடில நானும் பாத்தேன். அன்னிக்கே மூடிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"வித்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிம்மா சொல்றது. நாலு பேர் என்ன நினைப்பா."

எனக்கு வந்த கோபத்தில் ரிசீவரை உடைத்திருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்த பெட்ஷீட் இப்ப எங்க இருக்கு?"

சொன்னேன்.

போனை வைத்துவிட்டார்.

பார்சிப்பனிக்கு ராத்திரி முழுக்கப் போட்டேன். லைன் பிஸி, இல்லாவிட்டால் ஆன்சரிங் மிஷின். இன்றைக்கு மதியம் ஷ்யாமளாவே எடுத்தாள். குரல் நன்றாக இருந்தது. உதடு ஆறிவிட்டதாம். ஸ்வர்ணாவும் புருஷனும் வேலைக்குப் போய்விட்டார்களாம். வீட்டில் அவள் மட்டும்.

"ஷ்யாமளா, அந்த பெட்ஷீட்ட என்ன பண்ணே?"

"தோச்சுட்டேன்க்கா. கட்டில்ல விரிச்சிருக்கேன். அதுலதான் படுத்துக்கறேன். ஏன், வேணுமா?"

"அது எப்படி இருக்கு? பாத்து சொல்லு."

"எப்படின்னா? பச்சை கட்டம் போட்டது. எப்பவும் அப்படித்தானே இருந்தது?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நல்ல துணிக்கா. ஆனா நடுவுல மட்டும் சுருக்கம் போக மாட்டேங்குது. எத்தனை தடவ இழுத்து விட்டாலும் புடைச்சுக்கிட்டு..."

நிறுத்தினாள்.

க்ளிக் என்று ஒரு சத்தம். போன் சத்தம் இல்லை. அறைக்குள்ளே, அவளுக்குப் பின்னால்.

"ஷ்யாமளா, வெளிய ஓடு. இப்பவே."

அவள் ஓடவில்லை. வாயைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டாள். மெதுவாக, பழக்கமான குரலில் சொன்னாள்.

"சாரி."

என்னிடம் இல்லை.